அணைச் சுவருக்குள் தண்ணீர் சொட்டலாமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி மாணவர்களை ஒரு கான்கிரீட் அணைக்கு அழைத்துப் போகிறோம். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

அணையின் உச்சிச் சாலையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளம் என்று போட்டோவுக்கு நன்றாக இருக்கும்; அணையின் உடம்பு தெரியாது. ஆற்றின் கீழ்ப்பக்கம், சுவர் முழுவதும் கண்ணில் படும் இடத்தில் முதல் அரை மணி நேரம் நில்லுங்கள். வெயில் சுவர்மேல் சாய்வாக விழும் நேரமானால் இணைப்புக் கோடுகளும் ஈரத் திட்டுகளும் தெளிவாகத் தெரியும். பைனாகுலர் கட்டாயம் வேண்டும்.

முதலில் அணையின் வகையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உச்சி நேர்கோடாக ஓடி, கீழ்ப்பக்கச் சுவர் நன்றாகச் சரிந்து இறங்கினால் அது கிராவிட்டி அணை. தன் எடையாலேயே தண்ணீரின் தள்ளலைத் தாங்கும் வகை இது. அடியில் அதன் தடிமன் உயரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கும். ஏரிப் பக்கம் வில்போல வளைந்து, உயரத்துக்குப் பொருந்தாத மெல்லிய சுவராக இருந்தால் அது வளைவு அணை. அது தள்ளலை இரு கரைப் பாறைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டும் கலந்ததும் உண்டு. அமெரிக்காவின் ஹூவர் அணை 221 மீட்டர் உயரம், அடியில் 201 மீட்டர் தடிமன், உச்சியில் 14 மீட்டர். அத்தனை பருமனோடு வளைந்தும் இருக்கிறது.

வளைவு அணையென்றால் சுவரை விட்டுவிட்டுக் கரைகளைப் பாருங்கள். பாறையில் எங்கே போல்ட் அடித்திருக்கிறார்கள், எங்கே வடிகால் துளை போட்டிருக்கிறார்கள், அளவைக் குறிகள் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். பிரான்சின் மால்பாசே அணை 1959 டிசம்பரில் உடைந்தபோது 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவரின் கான்கிரீட்டில் குற்றம் இல்லை. இடது கரையில் அதைத் தாங்கிய பாறை நகர்ந்துவிட்டது.

கேலரிக்குள், அதாவது அணையின் உள்ளே ஓடும் சுரங்க நடைபாதைக்குள், போக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாத பயணம் பாதிப் பயணம்தான். நடைபாதை 1.5 மீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே உயரம் என்ற அளவில் இருக்கும். படிகள் ஈரமாக இருக்கும். பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அணைச் சுவரில் சீரான இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் தெரிகின்றன. படுக்கைவசத்திலும் கோடுகள் உண்டு. இவையெல்லாம் விரிசல்களா?

செங்குத்துக் கோடுகள் வேண்டுமென்றே விட்ட இணைப்புகள். சிமென்ட் இறுகும்போது சூடு கிளம்புகிறது. வீட்டுத் தளத்தில் அது சீக்கிரம் வெளியேறிவிடும். பல மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட்டில் உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஆறும்போது கான்கிரீட் சுருங்குகிறது. ஒரே துண்டாக வார்த்திருந்தால் தனக்குத் தோன்றிய இடத்தில் வெடிக்கும். ஆகவே 15 மீட்டர் அகலம் போலப் பிளாக் பிளாக்காகப் பிரித்து, வெடிப்பு எங்கே விழவேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிடுகிறார்கள். இணைப்பு வழியாகத் தண்ணீர் வராதிருக்க, ஏரிப் பக்கத்து முகத்துக்கு அருகே செம்புத் தகடோ பி.வி.சி. பட்டையோ குறுக்கே புதைந்திருக்கும்.

சூட்டைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு: ஜல்லியைக் குளிரவைப்பது, கலவையில் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டித் துகள் போடுவது, சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பல் சேர்ப்பது. ஹூவர் அணையில் கான்கிரீட்டுக்குள் ஒரு அங்குல இரும்புக் குழாய்களை 900 கிலோமீட்டருக்கும் மேல் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். வேலை முடிந்ததும் அந்தக் குழாய்களைச் சிமென்ட் பால் செலுத்தி அடைத்துவிட்டார்கள். வளைவு அணையில் செங்குத்து இணைப்புகளையும் பின்னால் சிமென்ட் பாலால் நிரப்பியாக வேண்டும்; சுவர் ஒரே வில்லாக வேலை செய்ய வேறு வழியில்லை. கான்கிரீட் நன்றாகக் குளிர்ந்து இணைப்பு அகலத் திறந்திருக்கும்போதுதான் அதைச் செய்வார்கள்.

படுக்கைக் கோடுகள் ஒவ்வொரு வார்ப்பின் எல்லை. பெரும்பாலும் 1.5 மீட்டருக்கு ஒன்று இருக்கும். ஈரம் எட்டிப்பார்ப்பது இங்கேதான். ஒரு வார்ப்பு இறுகும்போது மேலே பலமில்லாத சிமென்ட் ஆடை படிகிறது. காற்றும் தண்ணீரும் கலந்த பீச்சலால் அதை அகற்றி, ஜல்லி முகம் தெரிந்த பிறகே அடுத்த வார்ப்பு. அவசரத்தில் அதை ஒழுங்காகச் செய்யாத இடம் பல ஆண்டு கழித்து ஈரக்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

கவலைப்பட வேண்டியவை வேறு: கோடுகளை மதிக்காமல் சாய்வாக ஓடும் விரிசல், வலை பின்னியதுபோல் பரவும் விரிசல். பின்னது சிமென்ட்டின் காரமும் சிலவகை ஜல்லியின் சிலிக்காவும் சேர்ந்து, ஈரம் குடித்து, கான்கிரீட்டை மெல்ல உப்பவைப்பதன் அடையாளமாக இருக்கலாம். அப்படி வீங்கும் அணையில் ஷட்டர்கள் தூண்களுக்கிடையே இறுகிக்கொள்வதும் உண்டு.

கேள்வி: கேலரியில் பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்டால் ‘அது வரவேண்டிய தண்ணீர்தான்’ என்றார்கள். சமாதானம் சொல்கிறார்களா?

இல்லை, உண்மையைத்தான் சொன்னார்கள். அணை தண்ணீரை முழுவதுமாக அடைப்பதில்லை. கான்கிரீட்டின் நுண்துளைகள், வார்ப்பு இணைப்புகள், அடிப்பாறையின் வெடிப்புகள் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊடுருவும். அடியில் நுழைந்த தண்ணீர் அணையை மேல்நோக்கித் தூக்கப் பார்க்கும். எடையை நம்பி நிற்கும் அணைக்கு இதைவிடப் பகை வேறில்லை.

எவ்வளவு தூக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. கான்கிரீட் தண்ணீரைப்போல் 2.4 மடங்கு எடை. 100 மீட்டர் உயர முக்கோண அணையின் ஏரிப் பக்க அடிமுனையில் இழுவிசை, அதாவது கான்கிரீட்டைப் பிரித்து இழுக்கும் விசை, வராதிருக்க, தூக்கும் அழுத்தம் இல்லையென்றால் அடித்தடிமன் 65 மீட்டர் போதும். தூக்கும் அழுத்தம் அந்த முனையில் முழுதாகவும், கீழ்ப்பக்க முனையில் பூஜ்யமாகவும் இருக்கிறதென்றால் 85 மீட்டர் வேண்டும். இதைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத காலம் ஒன்று இருந்தது. 1895-ல் பிரான்சில் பூசே என்ற கல்கட்டட அணை உடைந்த பிறகுதான் பொறியாளர்கள் விழித்துக்கொண்டார்கள்.

இன்று இரண்டு கட்டமாகச் சமாளிக்கிறார்கள். ஏரிப் பக்க முகத்துக்கு அருகே பாறையில் ஆழமாகத் துளையிட்டு, சிமென்ட் பாலை அழுத்தத்தோடு செலுத்தி ஒரு திரை எழுப்புவது முதல் கட்டம். அதையும் தாண்டி வரும் நீரைப் பிடிக்க, திரைக்குப் பின்னால் மூன்று மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் 75 மில்லிமீட்டர் வடிகால் துளைகள் போடுவது அடுத்தது. அந்தத் துளைகள் வந்து திறக்குமிடம்தான் நீங்கள் நடந்த கேலரி. அங்கே தண்ணீர் வெளியேறும் அளவுக்கு அடியில் அழுத்தம் இறங்குகிறது. பல வருடம் ஓடிய துளை ஒன்று, ஏரி நிறைந்திருக்கும்போது திடீரென வற்றினால் மகிழ வேண்டாம். சுண்ணாம்புப் படிவு அடைத்திருக்கலாம். கம்பி விட்டோ மறுபடி துளையிட்டோ திறக்காவிட்டால் அழுத்தம் ஏறும். சுவரில் வெள்ளையாக வழிந்து உறைந்திருக்குமே, அதே சுண்ணாம்புதான்: தண்ணீர் கான்கிரீட்டிலிருந்து கரைத்து வந்து, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து படிவது.

கால்வாயின் குறுக்கே ‘வி’ வடிவ வெட்டுள்ள தகடு இருந்திருக்கும், பக்கத்தில் ஸ்கேல். வெட்டு 90 டிகிரி என்றால், 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால் நொடிக்கு முக்கால் லிட்டர் சொச்சம். 10 சென்டிமீட்டர் என்றால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கும் மேல். ஸ்கேலில் சில மில்லிமீட்டர் ஏறினாலே ஊழியர்கள் புருவம் உயர்த்துவது இதனால்தான்.

கசிவின் அளவைவிட அதன் நடத்தை முக்கியம். ஏரி ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்குவது இயல்பு. குளிர்காலத்தில் கான்கிரீட் சுருங்கி இணைப்புகள் விரிவதால் சற்றுக் கூடுவதும் இயல்பு. நீர்மட்டம் மாறாதபோது கசிவு ஏறினால் காரணம் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கலோ, கால்வாய் அடியில் மணலோ தெரிந்தால் எங்கோ பாறை இடுக்கிலிருந்து மண்ணை அரித்துக் கொண்டுவருகிறது என்று பொருள். அன்றே கவனிக்க வேண்டிய விஷயம் அது.

கேள்வி: ஏரி எவ்வளவு நீளமோ அவ்வளவு அழுத்தம் அணைமேல் விழும் அல்லவா?

விழாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஆழம் மட்டுமே. 100 மீட்டர் ஆழமென்றால் அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 5,000 டன் தள்ளல். ஏரி ஒரு கிலோமீட்டர் நீண்டாலும் நூறு கிலோமீட்டர் நீண்டாலும் அதே கணக்கு. ஆழம் பாதியானால் தள்ளல் கால்வாசி.

கேள்வி: வீட்டளவு பெரிய வளைந்த ஷட்டரைச் சின்ன மோட்டார் எப்படித் தூக்குகிறது?

வளைவில்தான் சூட்சுமம். ரேடியல் ஷட்டரின் தகடு ஒரு வட்டத்தின் பகுதி. தண்ணீர் எங்கே தள்ளினாலும் அந்த விசை வட்டத்தின் மையத்தை நோக்கியே போகும்; மையத்தில் இருப்பது, தகட்டைத் தாங்கும் இரு இரும்புக் கைகளும் வந்து சேரும் கீல் ஊசி. ஆக, தண்ணீரின் பாரத்தை ஊசியும் தூணும் ஏற்றுக்கொள்கின்றன. மோட்டாருக்கு மிஞ்சுவது ஷட்டரின் சொந்த எடையும் உராய்வும்தான்.

உராய்வுதானே என்று அலட்சியமாக விட முடியாது. கலிஃபோர்னியாவின் ஃபால்சம் அணையில் 1995 ஜூலை 17 அன்று ஒரு ரேடியல் ஷட்டர் திறக்கும்போதே முறிந்தது. துருப்பிடித்த ஊசியின் உராய்வு கைகளை வளைத்தது. வடிவமைப்பில் அந்த உராய்வைச் சேர்க்கவே இல்லை. பைனாகுலரில் கீல்களைப் பாருங்கள்: கிரீஸ் குழாய் வருகிறதா, துரு வழிகிறதா, ஓரத்து ரப்பர் பட்டையைத் தாண்டித் தண்ணீர் பீச்சுகிறதா?

கேள்வி: உபரிநீர் இறங்கும் சரிவின் அடியில் தண்ணீரை ஏன் மேல்நோக்கி வீசுகிறார்கள்? அழகுக்கா?

அணையின் காலைக் காப்பாற்ற. 50 மீட்டர் இறங்கும் தண்ணீர், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் நொடிக்கு 31 மீட்டர், அதாவது மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்கும். அப்படியே விட்டால் அடிப்பாறையைக் குடைந்துவிடும். பாறை உறுதியாக உள்ள இடத்தில், சரிவின் முனையை மேல்நோக்கி வளைத்துத் தூர எறிந்துவிடுகிறார்கள். காற்றில் சிதறியே ஆவேசத்தில் ஒரு பகுதி போய்விடும். பாறை அவ்வளவு நம்பகமில்லை என்றால் கீழே கான்கிரீட் தொட்டி கட்டி, அதற்குள்ளேயே தண்ணீரைப் பொங்கிப் புரளவிட்டு அடக்குவார்கள்.

வேகத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. சரிவில் சிறு பிசிறு இருந்தாலும் அதன் பின்னால் அழுத்தம் விழுந்து நீராவிக் குமிழ்கள் பிறக்கும். அவை சற்றுத் தள்ளி உடையும்போது கான்கிரீட்டைக் கொத்தி எடுக்கும். 1983 வெள்ளத்தில் அமெரிக்காவின் கிளென் கேன்யன் அணையின் உபரிநீர்ச் சுரங்கத்தில் இப்படித்தான் உட்பூச்சு பிய்ந்து, பாறையில் சுமார் பத்து மீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்தது. பிறகு குறுக்கே பள்ளம் வெட்டித் தண்ணீருக்கு அடியில் காற்று புக வழி செய்தார்கள். உங்கள் அணையின் சரிவில் குறுக்குப் பள்ளமோ பக்கத்தில் காற்றுத் துவாரமோ தெரிந்தால் காரணம் இதுதான்.

கேள்வி: கேலரியில் மேலிருந்து ஒரு கம்பி தொங்கி, அடியில் குண்டு எண்ணெயில் மூழ்கியிருந்தது. அது என்ன?

தூக்குக்குண்டேதான். அணை எவ்வளவு சாய்கிறது என்று அளக்க. எண்ணெய் குண்டின் ஊசலாட்டத்தை அடக்குகிறது. இதைத் தலைகீழாக்கியதுபோல, கம்பியின் அடிநுனியைப் பாறையில் ஊன்றி மேல்நுனியை மிதவையில் கட்டியும் வைப்பார்கள். அடிப்பாறையோடு ஒப்பிட்ட நகர்வு அதில் தெரியும். ஏரி நிரம்பினால் உச்சி கீழ்ப்பக்கமாகச் சாயும். கோடையில் கீழ்ப்பக்கச் சுவர் வெயிலில் விரிவதால் ஏரிப் பக்கமாக நகரும். கிராவிட்டி அணையில் சில மில்லிமீட்டர், உயர்ந்த வளைவு அணையில் சில சென்டிமீட்டர் வரை. பருவம் சுற்றி வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினால் நலம். ஆண்டுக்கு ஆண்டு ஒரே பக்கம் கூடிக்கொண்டே போனால் விசாரணைதான்.

கேள்வி: அங்குள்ள பொறியாளரிடம் கேட்க இரண்டு நல்ல கேள்விகள் சொல்லுங்கள்.

ஏரி மட்டமும் கசிவு அளவும் ஒரே தாளில் வரைந்த வரைபடத்தைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஷட்டரைக் கடைசியாக எப்போது இயக்கிப் பார்த்தார்கள், மின்சாரம் போனால் எதைக் கொண்டு திறப்பார்கள் என்றும் கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பதிலோடு நிற்காமல், அது ஏரி நிறைந்த நிலையில் ஷட்டரைத் தூக்கிக் காட்டியிருக்கிறதா என்று தொடருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கீழ்ப்பக்கம் நின்று பார்க்கச் சொன்னது கரைமேட்டில் நின்றுதான், ஆற்றுப் படுகையில் மாணவர்களை இறக்காதீர்கள். ஷட்டர்கள் மூடியே இருந்தாலும் மின் நிலையத்தில் டர்பைன்கள் ஓடத் தொடங்கினால் சில நிமிடத்தில் படுகையில் தண்ணீர் ஏறிவிடும்.