எயார் ரைபிளின் பிடங்கு மகளுக்கு நீளமா என்று எப்படிப் பார்ப்பது?

கொழும்பில் பாடசாலை அணிக்காக 10 மீட்டர் எயார் ரைபிள் சுடும் மகளுக்கு, அங்குள்ள துவக்கு பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிடங்கு என்பது தோளில் வைக்கும் பின்கட்டை. விரலால் இழுக்கும் விசையின் முகப்பிலிருந்து, பிடங்கின் கடைசியில் தோளில் படும் பின்தகட்டின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். பெரியவர்களின் துவக்கில் இது 34 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பிள்ளைக்குப் பெரும்பாலும் அதிகம்தான். முழங்கையை மடித்து, அந்த மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்து இந்த நீளத்தோடு ஒப்பிடுவது தொடக்கத்துக்குச் சரி, அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பெலட் (குண்டு) உள்ளே இல்லையென்று உறுதிப்படுத்திவிட்டு, சூட்டிங் ஜாக்கெட்டோடு நிற்கச் சொல்லுங்கள். அந்தத் தடித்த துணியே நீளத்தைக் கூட்டிவிடும். கண்ணை மூடி, துவக்கைத் தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்த பிறகு கண்ணைத் திறக்கட்டும். குறிபார்க்கும் பின் சைட்டைப் பார்க்கக் கழுத்தை முன்னே நீட்டுகிறாளா? பிடங்கு நீளம். பெருவிரல் மூக்கில் இடிக்கிறதா? குட்டை.

நீளமென்றால் பின்தகட்டுக்குள் இருக்கும் ஸ்பேசர்களை (நீளத்தைக் கூட்ட இடையில் வைக்கும் துண்டுகளை) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். தயவுசெய்து கட்டையை மட்டும் அறுக்காதீர்கள், பிள்ளை வளருவாள்.