மண்ணில் சிமெண்ட் கலந்தால் மழைக்குத் தாங்குமா?

கேள்வி: எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். நெல் காயவைக்கும் களத்துக்கும், களத்திலிருந்து சாலை வரையுள்ள வண்டிப் பாதைக்கும் முழுக் கான்கிரீட் போட வசதியில்லை. இங்குள்ள மணற்பாங்கான மண்ணிலேயே சிமெண்ட் கலந்து திமிசு போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது தாங்குமா? சிமெண்ட்டைக் கூடுதலாகப் போட்டால் உறுதியும் கூடுமல்லவா?

பதில்: கொத்தனார் சொல்வதில் தவறில்லை. இது பழகிய முறைதான். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1935-ஆம் ஆண்டிலேயே இப்படிச் சாலை போட்டிருக்கிறார்கள். மணல் மண் இதற்கு மிகவும் ஏற்றது. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதற்குச் சுண்ணாம்புதான் பொருத்தம். மணல் அப்படி அசைவதில்லை. மணிகள் தொடும் இடங்களில் சிமெண்ட் பிடித்துக்கொள்கிறது.

ஆனால் உறுதி வேறு, நீடித்து நிற்பது வேறு. ஏழாம் நாள் கடப்பாரையால் தட்டினால் 'டங்' என்று கேட்பது மூன்றாம் ஆண்டு மழையிலும் நிற்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. நம் டெல்டாவில் பனி உறைவதில்லை. மண்-சிமெண்ட்டைச் சோதிப்பது மழைக்காலத்து ஊறலும் கோடைக் காய்ச்சலும் மாறிமாறி வருவதுதான். ஆய்வுக்கூடத்தில் இதைச் சுருக்கிச் செய்து பார்க்கிறார்கள்: கட்டியை 5 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 42 மணி நேரம் சுமார் 70 டிகிரி சூட்டில் உலர்த்தி, கம்பிப் பிரஷ்ஷால் எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்ப்பார்கள். இப்படி 12 சுற்று முடிந்தபின் எவ்வளவு எடை உதிர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. மணல் மண்ணுக்கு 14 சதவீதம் வரை ஏற்பதாக அமெரிக்க சிமெண்ட் சங்கத்தின் பழைய அளவுகோல் உண்டு. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஊறும்போதெல்லாம் எஞ்சிய சிமெண்ட் இறுகுவதால், நல்ல மணல் கலவையின் உட்பகுதி முதல் சில சுற்றுகளில் வலுவேறவும் கூடும். அதே நேரத்தில் மேல்தோல் உதிர்ந்துகொண்டிருக்கும். உங்கள் பாதையிலும் முதலில் போவது மேற்பரப்பும் ஓரங்களும்தான்.

சிமெண்ட் அளவுக்கு வருவோம். பொடி மண் அதிகமில்லாத வெறும் மணலுக்கு எடையில் 7 முதல் 11 சதவீதம் வரை தேவைப்படும். பத்தடிக்குப் பத்தடி, அரையடி கனம் என்றால் திமிசால் இடித்து இறுக்கிய மண் ஏறக்குறைய இரண்டரை டன் வரும். 8 சதவீதத்துக்கு 4 மூட்டை சிமெண்ட். மணலோடு கொஞ்சம் வண்டல் சேர்ந்திருந்தால் இடைவெளி நிரம்பி இன்னும் குறைவாகவே போதும். ஆனால் வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை எடுக்காதீர்கள். அது சிமெண்ட்டை இறுகவிடாது.

இதைவிட முக்கியம் இடிப்பது. சரியாக இடிக்காத கலவையில் சிமெண்ட்டை ஏற்றிக்கொண்டே போவது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிரப்புவது போலத்தான்; கூடுதல் சிமெண்ட் சுருக்க வெடிப்பையும் கூட்டும். கைப்பிடி கலவையை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல்களுக்கிடையே தண்ணீர் கசியக் கூடாது. உடைத்தால் இரண்டு மூன்று துண்டாக வர வேண்டும். தண்ணீர் சேர்த்த இரண்டு மணி நேரத்துக்குள் இடித்து முடித்தாக வேண்டும். ஒரு வாய்க்கால் கரைப் பாதையில் காலையில் கலந்த கலவையை, ரோலர் வரத் தாமதமானதால் பொழுது சாய்ந்தபின் இடித்ததை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த கார்த்திகையில் அதை மண்வெட்டியால் சீவி எடுக்க முடிந்தது. இடித்தபின் ஏழு நாளாவது ஈர வைக்கோலோ சாக்கோ மூடி, காயாமல் காக்க வேண்டும். தை அறுவடை முடிந்தபின் போட்டால் மழைக்குமுன் நன்றாக இறுகிவிடும்.

களத்தை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். தேய்மானத்தில் மணல் நெல்லோடு சேரும். மண்-சிமெண்ட்டை அடித்தளமாக வைத்து, மேலே மெல்லிய கான்கிரீட் போடுவதே என் யோசனை. பாதைக்கு இருபுறமும் செங்கல் ஓரம் கட்டி, நடுவைச் சற்றே உயர்த்தினால் தண்ணீர் நிற்காது.

கேள்வி: எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதையே கலவைக்குப் பயன்படுத்தலாமா? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: கூடாது. ஈரம் காயும்போது உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகி மேற்பரப்பைப் பெயர்த்துத் தள்ளும். சல்பேட் இருந்தால் இறுகிய சிமெண்ட்டையே உப்பவைத்து வெடிக்கச் செய்யும். கலக்கவும், இடித்தபின் ஈரம் காக்கவும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். கீழிருந்தும் உப்பு ஈரம் ஏறும். ஆகவே மண்-சிமெண்ட்டை நேரே தரையில் போடாமல், அடியில் அரையடிக்குக் கருங்கல் ஜல்லி பரப்பி, அதன்மேல் போடுங்கள்.