பெயர் வாசிக்கப்படாதவர்கள்

அன்புள்ள ஐயா,

ஒரு ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருக்கிறேன். பட்டங்கள் ஏதும் இல்லை. அண்மையில் எங்கள் ஆய்வு ஒன்றுக்கு விருது கிடைத்தது. மேடையில் எல்லார் பெயரையும் வாசித்தார்கள். கருவியைச் சரிசெய்து இரவெல்லாம் அளவெடுத்த என் பெயர் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததை நினைத்து வெட்கமாகவும் இருக்கிறது. பட்டமோ விருதோ இல்லாவிட்டால் ஒருவருக்கு மதிப்பே கிடையாதா?

எம்.

அன்புள்ள எம்.,

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘விருதெல்லாம் பெரிதா என்ன, கடமையைச் செய்’ என்று நான் சொல்லப்போவதில்லை. விருது வாங்கியவர்கள் வாங்காதவர்களுக்குச் சொல்லும் அறிவுரை அது.

1967இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. அங்கிருந்த ரேடியோ தொலைநோக்கியின் பதிவுக் கருவி நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மீட்டர் தாளில் கோடு போட்டுத் தள்ளும். அத்தனையையும் அவர் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும். அதில் ஒரு சின்னக் கிறுக்கல் உறுத்தியது. விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார். 1.3 நொடிக்கு ஒருமுறை துடித்தது அது. சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகள் வந்துசேரும் பல்சார் விண்மீன்களை உலகம் அறிந்தது இப்படித்தான். 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது. பெல்லுக்கு இல்லை.

அந்தக் கிறுக்கலை அவர் கவனித்தபோதே வேலையின் தரம் முடிவாகிவிட்டது. பரிசு வராததால் அதில் ஒரு துளியும் குறையவில்லை. பரிசுக்குழு எதைப் பார்க்கத் தவறியது என்பதுதான் வெளியே தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேலையின் தரத்தோடுகூட மனிதரின் மதிப்பைக் கட்டிவைக்கக் கூடாது. நாளைக்கே உடம்பு முடியாமல் கருவியைத் தொடக்கூட இயலாமல் போனாலும் உங்கள் மதிப்பு உங்களிடம்தான் இருக்கும். இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

2018இல் பெல்லுக்கு வேறொரு பெரிய பரிசு வந்தது, 30 லட்சம் டாலர். முழுத்தொகையையும், இயற்பியலுக்குள் எளிதில் நுழைய முடியாத பின்னணியிலிருந்து வரும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். விருதால் ஆகக்கூடிய நல்ல காரியம் அது.

ஆனால் மதிப்பு வேறு, சேரவேண்டிய பெயர் வேறு. உங்கள் பெயர் விடுபட்டது அநியாயம். பெருந்தன்மை என்று நினைத்துப் பொறுத்துப்போகாதீர்கள். அடுத்த ஆய்வுக்கட்டுரையை எழுதத் தொடங்கும்போதே, அளவெடுத்தவர் பெயர் எந்த இடத்தில் வரும் என்று பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். அச்சுக்குப் போனபின் கேட்டால் மாற்றுவது கடினம். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்.