சக்கர நாற்காலியில் இருக்கும் என் தங்கச்சிக்குக் கொழும்பில் சுவடிக்காப்பு வேலை, அதாவது பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலை, சரிவருமா?

சரிவரும். உயரத் தட்டுகளிலிருந்து பாரமான பெட்டிகளை இறக்குவதுதான் சிக்கல். ஸ்கேன் செய்வதும் விபரப்பட்டியல் போடுவதும் மேசை வேலை: உக்கிய பழைய பத்திரிகையை மெதுவாக விரித்துப் படமெடுத்து, தலைப்பு, திகதி, மொழி எல்லாம் பதிய வேணும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் வாசிப்பா என்றால் அவவுக்கு நல்ல கிராக்கி.

கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 27/88 சுற்றறிக்கைப்படி அரச சேவை வெற்றிடங்களில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. தகைமை இருக்க வேணும், இயலாமை கடமைக்குத் தடையாகவும் இருக்கக்கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையைக் காட்டித்தான் தட்டிக்கழிப்பார்கள் என்பது என் சந்தேகம். ஆகவே விண்ணப்பத்திலேயே எண்ணிமப்படுத்தல் (ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்தல்) அனுபவத்தை முன்னுக்குப் போடச் சொல்லுங்கோ. தமிழ் ஆவணங்களை இணையத்தில் ஏற்றும் ‘நூலகம்’ (Noolaham) என்ற நிறுவனத்திடமும் விசாரியுங்கோ. நேர்முகத்துக்கு முதல் லிப்ட், சாய்தளம், கழிவறை மூன்றையும் தொலைபேசியில் கேளுங்கோ.