காலையில் பம்பளிமாஸ், இரவில் கொழுப்பு மாத்திரை: இடைவெளி விட்டால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. இரவில் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., காலையில் பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. எடுக்கிறார். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா ஒரு மூட்டை பம்பளிமாஸ் கொடுத்தனுப்பினார். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் முழுப் பழம் ஒன்று சாப்பிடுகிறார் அப்பா. கிரேப்ஃப்ரூட்தான் ஆகாது, இது வேறு, அதோடு மாத்திரை ராத்திரிதானே என்கிறார். நாலு நாளாகத் தொடை வலி வேறு. என்ன செய்யலாம்? (வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: முதலில் தொடை வலியைப் பார்ப்போம், சகோதரி. பழத்தை இன்றே நிறுத்திவிட்டு நாளைக்கே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பழம் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். வெறும் நடை அலுப்பாகவும் இருக்கலாம், ஆனால் இந்தக் கொழுப்பு மாத்திரை எடுப்பவருக்குப் புதிதாகத் தசை வலி வந்தால் நாமாக ஊகிக்கக் கூடாது. சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ, எழுந்து நிற்கவே முடியாமல் போனாலோ நாளை வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த கொழுப்பு மாத்திரையைப் போடாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இரண்டும் வேறு பழம் என்கிறாரே அப்பா. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் உண்டானதுதான் கிரேப்ஃப்ரூட். அதாவது பம்பளிமாஸ் அதற்குத் தாய்வழி உறவு. சிக்கல் தருகிற ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இரண்டிலும் உண்டு. பழத்துக்குப் பழம் அளவு மாறும், எந்தப் பழத்தில் எவ்வளவு என்று நாக்குக்குத் தெரியாது.

இந்தப் பொருள் என்ன செய்கிறது? நம் குடல் சுவரில் சிஒய்பி3ஏ4 என்றொரு நொதி இருக்கிறது, விழுங்கும் மருந்தில் ஒரு பகுதியை அங்கேயே அழித்துவிடும். அப்புறம் கல்லீரலும் தன் பங்குக்கு அழிக்கும். அட்டோர்வாஸ்டாட்டினில் நூற்றுக்குச் சுமார் 14 பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. நகைக்கடையில் சேதாரம் போடுவது போல, டாக்டர் எழுதும் 20 மி.கி. இந்த இழப்பையும் சேர்த்த கணக்கு. பழம் அந்த நொதியை முடக்கிவிட்டால் சேதாரம் குறைகிறது, அதே மாத்திரை கூடுதல் டோஸ் மாதிரி வேலை செய்கிறது.

முடங்கிய நொதி மறுபடி உயிர் பெறாது, குடல் புதிதாகத்தான் உண்டாக்க வேண்டும். பழையபடி ஆக மூன்று நாள் வரை பிடிக்கும். அதனால்தான் காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரிப்பது உதவாது. தினமும் சாப்பிட்டால் நொதி தலையெடுக்கவே வழியில்லை. இதைக் கண்டுபிடித்ததே தற்செயலாகத்தான்: 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற பிபி மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியது.

அப்பாவின் அம்லோடிபினுக்குப் பாதிப்பு பொதுவாகக் குறைவு. நிஃபெடிபின், ஃபெலோடிபின் போன்ற பிபி மருந்து எடுப்பவர் இந்தப் பழம் சாப்பிட்டால் பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். சிம்வாஸ்டாட்டின் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பழங்களை அறவே தொடக் கூடாது. கிட்னி மாற்று அறுவை செய்து டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து, பம்பளிமாஸால் டாக்ரோலிமஸ் அளவு ஏறியது மருத்துவப் பதிவிலேயே இருக்கிறது.

அதற்காக ஒரு சுளை வாயில் போட்டுவிட்டார் என்று பதற வேண்டாம். நான் கவலைப்படுவது தினமும் முழுப் பழம் என்பதற்குத்தான். கொழுப்பு மாத்திரையை நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அவர் இதயத்துக்கு அது காவல். பழம் இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறு கொழுப்பு மாத்திரைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது. கிரேப் என்ற பெயரைப் பார்த்து திராட்சையை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு குடும்பம். சாத்துக்குடியும் ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சும் அப்பா தாராளமாகச் சாப்பிடலாம். அடுத்த முறை சித்தப்பாவிடம் ஆரஞ்சாகக் கேட்டு வாங்குங்கள்.