பார்லுக்கு வரப்போகும் சின்னமனூர்த் தம்பிக்கு

தம்பி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்குப் பக்கத்தில் பார்ல் என்ற ஊரில் ஒரு குடும்பத் திராட்சைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை, ரசாயனம் குறைந்த விவசாயம், ஒயினும் அங்கேயே தயாரிக்கிறார்கள், வீடும் தருகிறார்கள், மனைவி பிள்ளையோடு வரலாமா, சாப்பாடு, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறாய். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் பற்றிப் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லட்டும். எனக்கு அந்த ‘வீடு’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுதத் தோன்றியது.

குடும்பத் தோட்டம் என்றால் பாதி வாய்ப்பேச்சு. பெரியவர் தோளில் கைபோட்டு, நீயும் எங்கள் வீட்டு ஆள்தான் என்பார். அவர் ஒதுங்கி மகன் கணக்கைக் கையில் எடுத்ததும் நீ சம்பளப் பட்டியலில் ஒரு வரி. நான் முதலில் இருந்த தோட்டத்தில் வேலை முடிந்தது என்ற கையோடு சாவியையும் கேட்டுவிட்டார்கள். இங்கே பொது வேலை விசாவும் அந்த முதலாளியோடு கட்டுப்பட்டது. வேலை, கூரை, விசா மூன்றும் ஒரே ஆணியில் தொங்கும். அதனால் வீட்டு வாடகை யார் கணக்கு, கரண்ட் யார் கணக்கு, காலி செய்ய எத்தனை மாதம் அவகாசம், எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. டிக்கெட் அப்புறம்.

அதே தோட்டத்தில் தலைமுறையாகக் குடியிருக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1997-இல் சட்டம் வந்தது. ஒரு காலத்தில் அவர்கள் பாட்டன்மாருக்குக் கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தக் குடியின் கேடு இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் இன்னும் தீரவில்லை. மேற்பார்வை என்று அவர்களிடம் குரலை உயர்த்தாதே. நம் ஆட்கள் சிலருக்கு வந்த மறுநாளே துரைத்தனம் ஏறிவிடுகிறது.

அடுத்தது உயிர் விஷயம். சாறு நொதிக்கும்போது ஒரு லிட்டருக்கு நாற்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தங்கும், வாசனையும் காட்டிக்கொடுக்காது. ஒருவன் விழுந்தால் தூக்கப் போனவனும் விழுவான். மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தாயிற்று என்று யாராவது சொன்னால் நம்பாதே. கருவியில் அளந்து, வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல் தொட்டிக்குள் தலையை நீட்டாதே. முதலாளி அவசரப்படுத்தினாலும் சரி.

விவசாயத்தில் உனக்குப் பிடிபட நாளாகும். நம் கம்பம் ஊரில் பன்னீர் திராட்சைக் கொடியில் வருஷத்துக்கு இரண்டு, சில சமயம் மூன்று முறை காய் எடுப்போம். இங்கே ஒரே அறுவடைதான், ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. அதைக் கோட்டைவிட்டால் அடுத்த வருஷம்தான். மழையும் குளிர்காலத்தில்தான், கோடை காய்ந்து கிடக்கும். அதற்காக இலையுதிர்காலத்திலேயே வரிசை நடுவில் ஓட்ஸ், பயறு வகை விதைத்து, வசந்தத்தில் உருளை ஓட்டிப் படுக்க வைப்பார்கள். மண்ணின் ஈரம் அந்தப் போர்வைக்குள் நிற்கும்.

மாவுப்பூச்சி இங்கேயும் உண்டு. இலைச்சுருள் வைரஸைப் பரப்புவது அதுதான். மருந்து டப்பாவைத் தேடுவதற்கு முன் எறும்பைப் பார். எறும்பு மாவுப்பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காத்து, அதை அழிக்க வரும் குளவியையும் பொறிவண்டையும் விரட்டும். எறும்பு தண்டில் ஏறாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. நத்தையைத் தின்ன வாத்து விடுவார்கள், ஸ்டெல்லன்போஷ் பக்கம் வெர்கெனூக்ட் தோட்டத்தில் ஒரு பெரும்படையே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார், உன் பிள்ளைக்குப் பிடிக்கும்.

கோயில் கேப் டவுன் ரைலண்ட்ஸில் இருக்கிறது. தமிழர் கூட்டம் என்று நீ நினைப்பது டர்பனில். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 1860-இல் கரும்புக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கோவெண்டர், பிள்ளை என்று பெயர் இருக்கும், தமிழ் இருக்காது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடுவார்கள், காவடியை மட்டும் குறையில்லாமல் எடுப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் புதுசுகளை எனக்குப் பிடிக்காது. ஒயின் தோட்டத்தில் வேலை என்று ஊரில் சொல்லக் கூசி, ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருப்பவர்களையும்தான். சனிக்கிழமை அவர்களேதான் வந்து ஓசியில் பாட்டில் கேட்பார்கள்.

நான் வந்து இறங்கியது ஜூலை, இங்கே அது குளிர்காலம். கம்பத்துக்காரன், கவாத்து எனக்கா தெரியாது என்று கத்தரியை எடுத்தேன். தூறல் வேறு. பக்கத்து வரிசையிலிருந்த ஆப்பிரிக்கான்ஸ் பேசும் ஆத்தா என் கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு மொட்டுக் கண் விட்டு வெட்டச் சொல்லி சைகை காட்டினார். பெரிய வெட்டு ஒன்றைத் தொட்டு, வானத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். ஈரத்தில் வெட்டினால் காயம் வழியாகக் காளான் நோய் புகுந்து தண்டையே தின்றுவிடும் என்று பிறகு புரிந்தது. மதியம் அவர் கொடுத்த பழைய கம்பளிக் கையுறையில் இரண்டு விரலுக்கு ஓட்டை. அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டேன்.

நீ எந்த மாதம் வருகிறாய் என்று எழுது. ஜூலை என்றால் ரப்பர் பூட்ஸ் இங்கேயே வாங்கிக்கொள், சுமந்து வராதே.