ஆர்கானின் எடை கூடுதல். ஆனாலும் பொட்டாசியத்துக்கு முன்னால் ஏன்?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், தனிம வரிசை அட்டவணையில் ஆர்கானின் அணுநிறை 39.95 என்றும், அதற்கு அடுத்து வரும் பொட்டாசியத்தின் அணுநிறை 39.10 என்றும் பார்த்துவிட்டு, இது அச்சுப்பிழையா என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பிழை இல்லை. பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக வேதியியல் டியூஷன் எடுக்கும் நானும் இதை ‘விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்’ என்று சொல்லிக் கடந்தவன்தான். அது சோம்பேறித்தனமான பதில் என்பது பிறகுதான் உறைத்தது.

அட்டவணையில் இடத்தைத் தீர்மானிப்பது எடை அன்று, அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆர்கானுக்கு 18, பொட்டாசியத்துக்கு 19. 1869இல் மெண்டெலீவ் அணுநிறையை வைத்தே அடுக்கினார் என்றாலும், குணம் ஒத்துவராத இடத்தில் எடையைப் பொருட்படுத்தாமல் டெலூரியத்தை அயோடினுக்கு முன்னால் வைத்தார். அவர் கண்ணுக்குப் பட்ட ஒழுங்குக்கு, 1913இல் இயற்பியலாளர் மோஸ்லே எக்ஸ் கதிர்களை அளந்து அணு எண் (அதாவது புரோட்டான்களின் எண்ணிக்கை) என்னும் அடிப்படையைக் கொடுத்தார். எடைப்படி அடுக்கியிருந்தால், தண்ணீர் பட்டதும் தீப்பற்றும் பொட்டாசியம் நியானுக்குக் கீழேயும், எதனோடும் சேராத ஆர்கான் சோடியத்துக்குக் கீழேயும் போய் நின்றிருக்கும்.

ஆனால், ஒரு புரோட்டான் குறைவாக உள்ள அணு எப்படி எடை கூடியதாயிற்று? நியூட்ரான்களால். நம் காற்றிலுள்ள ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து 40 உள்ள வகை. அதில் 22 நியூட்ரான்கள். பொட்டாசியத்தில் பெரும்பங்கு பொட்டாசியம்-39, அதில் 20தான். இவ்வளவு ஆர்கான்-40 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூமியின் பாறைகளிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஓர் அணு பொட்டாசியம்-40. அது நிலையற்றது, 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அப்படிச் சிதைபவற்றில் நூற்றுக்குச் சுமார் 11 அணுக்களில், அணுக்கரு தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஒன்றையே உள்ளிழுத்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாகிவிடுகிறது, மற்றவை கால்சியமாகின்றன. புரோட்டான் ஒன்று குறைந்ததால் அந்த அணு அட்டவணையில் ஒரு கட்டம் பின்னால் போகிறது. இரண்டின் கூட்டுத்தொகையான நிறை எண் மட்டும் 40 ஆகவே இருக்கிறது. அதாவது ஆர்கானின் கூடுதல் எடை, பக்கத்துக் கட்டத்துப் பொட்டாசியம் கொடுத்த சீதனம். சூரியனில் ஆர்கான்-36தான் மிகுதி. அங்கே இந்தத் தலைகீழ் வரிசைக்கே இடமில்லை.

எங்கள் தெருமுனைப் பட்டறையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடிகளுக்கு ஆர்கான் வெல்டிங் செய்கிறார்கள். சிலிண்டரிலிருந்து வரும் வாயு, உருகிய உலோகத்தில் ஆக்சிஜன் படாமல் மூடிக்கொள்கிறது. காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரித்தெடுக்கும் வாயு அது. காற்றில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு அதுதான். ஒருநாள் மாணவர்களை அங்கே நிறுத்தி இதைச் சொன்னபோது, ஒரு பையன் மேற்கே தெரிந்த மலையைக் காட்டி, “அந்தப் பாறையிலிருந்து இப்போதும் ஆர்கான் உண்டாகிறதா, சார்?” என்று கேட்டான். உண்டாகிறது, பாறைக்குள் சிக்கிய அந்த ஆர்கானை அளந்துதான் புவியியலாளர்கள் பல பாறைகளின் வயதைக் கணிக்கிறார்கள்.